லிங்கனைச் சாகவிடாத மனுசி

மெல்பேர்னில் கிளேட்டன் பக்கம் வந்து லிங்கன் அன்ரி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். சிவனேஸ்வரி என்ற அவளின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள்.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் அவள் ஐந்து தமிழ் நாடகங்களில் நடித்தாள். ஐந்திலும் தேத்தண்ணீர்த் தட்டை வைத்துவிட்டுப் போகிற வேடம். சோழ ராசாவின் அரண்மனைக்கும் அவள்தான் தேத்தண்ணீர் கொண்டுபோனாள்.

1992இல் இந்திரகுமார் மாஸ்டர் ஆபிரகாம் லிங்கன் நாடகம் போட்டபோதுதான் ஜனாதிபதியின் மனைவி மேரியாக நடிக்கக் கிடைத்தது. கடைசிக் காட்சியில் லிங்கன் சுடப்படுவார். மேரி அவர்மேல் விழுந்து கதறவேண்டும். அந்த அழுகையிலேயே அவள் உயிரை வைத்திருந்தாள். வேலை செய்த லாண்டரியில் இயந்திரச் சத்தத்துக்கு மேலாக அழுது பழகினாள். குசினியில் அழுது பழகியதில் கறி தீய்ந்தது.

"அரை மண்டபமாவது அழவேணும் மாஸ்டர், பாருங்கோ."

நாடகத்தன்று லிங்கனாக நடிக்கவிருந்த மகேந்திரராஜாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்த நீளக் கோட்டுக்கு ஏற்ற உயரம் இன்னொருவருக்குத்தான் இருந்தது: திரை இழுக்கிற விக்னராஜாவுக்கு. அவர் சிவனேஸ்வரியின் புருசன்.

"கட்டின மனுசன் குத்துக்கல்லு மாதிரி இருக்க, செத்துப்போனார் எண்டு நான் எப்பிடி அழுறது? தாலி கழுத்திலை கிடக்கு!"

"அது லிங்கன், தங்கச்சி."

"கோட்டுக்குள்ளை ஆர்?"

மாஸ்டர் லிங்கனின் தொப்பியை எடுத்து விக்னராஜாவின் தலையில் வைத்தார். அழுகையை விட்டுக்கொடுக்க அவளுக்கும் மனமில்லை. கவுனுக்குள் தாலியை ஒளித்துக்கொண்டு மேடையேறினாள்.

கடைசிக் காட்சி வந்தது. துப்பாக்கிச் சத்தத்துக்காகத் மேடைக்குப் பின்னால் பலகை 'டமார்' என்றது. கதிரையில் இருந்த விக்னராஜா சரியத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, விழாதேங்கோ!"

கலியாணம் கட்டிய நாள் முதல் அவள் சொல்லைத் தட்டாத மனுசன். நிமிர்ந்து உட்கார்ந்தார். சுட வந்த சிறி குழம்பிப்போய் மறுபடியும் துப்பாக்கியை நீட்டினான். பலகையும் மறுபடி 'டமார்'.

"டேய் சிறி, இன்னொருக்காச் சுட்டியெண்டால் உன்ரை அம்மாவிட்டைச் சொல்லிப்போடுவன்!"

மேரி விசிறியை ஓங்கிக்கொண்டு வந்ததும் கொலைகாரன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான்.

"திரை! திரையை இழுங்கோ!" என்று ஓரத்தில் நின்று மாஸ்டர் கத்தினார். இழுக்கிற ஆள்தான் லிங்கனாக உட்கார்ந்திருந்தாரே! கடைசியில் அமெரிக்க ஜனாதிபதியே தொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு, எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழகிய அழுகை முழுதும் வீண்! மூடிய திரைக்குள்ளேயே கதிரையில் விழுந்து கதறினாள். மைக்கை யாரும் நிறுத்தவில்லை. சிரித்த மண்டபம் மெல்ல அடங்கியது. முன்வரிசை அன்ரிமார் சீலைத் தலைப்பைத் தேடினார்கள். பின்வரிசையில் அங்கிள்மார் மூக்கை உறிஞ்சினார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து லிங்கனின் குரல் மைக்கில் கேட்டது.

"ஏனப்பா அழுகிறீர்? நான் உயிரோடைதானே இருக்கிறன்?"

"அதுக்குத்தான் அழுறன்!"