சம்சாரம்தான் என்பதற்கு அத்தாட்சி

யுத்தம் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்து மலாயாவிலிருந்து என் கணவரின் கடிதம் வந்தது. நாலே வரி. சுகமாக இருக்கிறேன், எஸ்டேட்டில் பழையபடி கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்துவிட்டது, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுப் புறப்பட்டு வா, அப்பாவைக் கேட்டதாகச் சொல். கல்யாணமாகி இரண்டு மாதம் முடிவதற்குள் கப்பல் ஏறிப் போனவர். ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். அதற்குள் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான். மனிதர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் நான்கு வருஷத்துக்கு மேல் மாமனார் வீட்டில் இருந்தேன். அதனால் அந்த நாலு வரியைப் படித்ததுமே பாதிக் கடலைத் தாண்டிவிட்ட மாதிரி இருந்தது. தாலுக்கா கச்சேரி ஒன்று நடுவில் இருப்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மனு சென்னைக்குப் போய், அங்கிருந்து சேலம் கலெக்டர் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தாலுக்காவுக்கு விசாரணைக்காக வந்து சேர மூன்று மாதமாயிற்று. விசாரணை செய்ய வேண்டியவர் ரெவினியூ இன்ஸ்பெக்டர். நானும் மாமனாரும் விடியும் முன்பே வண்டி பூட்டிக்கொண்டு எட்டு மைல் போனோம். இன்ஸ்பெக்டர் காம்ப் போயிருக்கிறார் என்றார்கள். சாயங்காலம் வரைக்கும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். மறு வாரம் போனபோது ஜமாபந்தி வேலை, யாரையும் பார்க்க மாட்டார் என்றார்கள். மூன்றாவது தடவைதான் கூப்பிட்டார்.

அந்த விசாரணைக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும் என்று வெண்ணந்தூரில் என் அண்ணன் எச்சரித்திருந்தார். எங்களில் பெண்கள் அப்படிச் சொல்லும் வழக்கம் கிடையாது. கிணற்றடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பத்து நாள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். முதல் நாள் என் காதுக்கே கேட்காத மாதிரி சொன்னேன். பத்தாம் நாள் நன்றாகவே வந்தது.

"புருஷன் பேர் என்னம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் கணீரென்று சொன்னேன். பக்கத்தில் நின்ற மாமனார் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டரோ பேனா முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னது?" என்றவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பெரியவரே, நீங்க சொல்லுங்க. பையன் பேர் என்ன?"

மாமனார் சொன்னார். எழுதிக்கொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்து, என்னை யாராவது ஆள் கட்டிக்கொண்டு போகிறார்களா என்று விசாரித்தார். கூலி வேலைக்கு ஆள் போகக்கூடாது என்று சர்க்கார் தடை போட்டிருந்த காலம் அது. "ரப்பர் பால் வடிக்கப் போறியா? நிஜத்தைச் சொல்லு."

"இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு அங்க கிராணியா இருக்கறாருங்க. அவருகிட்டப் போறனுங்க."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. இந்தக் கடிதாசி அவர் எழுதினதுதான்னு எப்படித் தெரியும்?"

"அவரு கையெழுத்துங்க."

"நாலு வருஷமா ஏன் ஒரு கடிதாசிகூட வரல்லே? மனஸ்தாபமா?"

ஜப்பான்காரன் தபால் கொண்டுவந்து கொடுப்பானா என்று கேட்க வாய் வரை வந்தது. "சண்டை நடந்துச்சுங்களே" என்றேன். அதையும் நான் எனக்காகச் சொல்லும் சாக்குப் போலவே எழுதிக்கொண்டார். அந்த நாலு வருஷம் என் கணவர் என்ன செய்தார் என்று ஏன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை என்றும் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

சண்டைக்கு முன்னால் வந்த கடிதங்கள் எங்கே என்றார். மாமனார் முந்திக்கொண்டார். "ஊட்டுல இருக்குதுங்க, சாமி."

"ஊட்டியிலயா? ஊட்டியில உங்களுக்கு யார் இருக்கா?"

"ஊட்டியில ஆருமில்லீங்க. கடுதாசி ஊட்டுல இருக்குதுங்க."

இன்ஸ்பெக்டர் கிழக்கே எங்கோ தூரத்து ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். 'வீடு, வீடு' என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் ஊட்டியை அடித்துவிட்டு எழுதினார். என்னைத்தான் முறைத்தார்.

பிறகு எங்கள் இருவரையும் பிரித்து வைத்துக் கேட்டார். நான் வராந்தாவில் நிற்க மாமனார் உள்ளே. அவர் வெளியே வர நான் உள்ளே. ஒரே வீட்டில் இருக்கிறவர்களா என்று சோதிக்கிறாராம். வீட்டுக்கு எத்தனை வாசல் என்றார். இரண்டு என்றேன். மாமனார் ஒன்று என்றிருக்கிறார். புழக்கடைக் கதவு அவருக்கு வாசல் இல்லை. எத்தனை மாடு என்றார். இரண்டு என்றேன். மாமனார் கன்றுக்குட்டியையும் சேர்த்து மூன்று என்றிருக்கிறார். மாமனாரை மறுபடி உள்ளே கூப்பிட்டு, அவர் எதிரிலேயே, "புருஷனோடே எத்தனை நாள் ஒண்ணா இருந்தே?" என்று கேட்டார். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பத்தாறு நாள் என்றேன். அது ஒன்றை மட்டும் நான் எண்ணி வைத்திருந்தேன்.

கடைசியில் அவர் காகிதத்தில் 'வாக்குமூலங்களில் முரண்' என்று எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு படித்ததில் அன்றைக்குக் கிடைத்த பலன் அதுதான்.

"நீதான் அவர் சம்சாரம்ங்கறதுக்கு வேறே என்ன அத்தாட்சி இருக்கு?" என்றார். தாலியைத் தொட்டேன். அதை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

எங்கள் ஊர் மணியக்காரரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார். மணியக்காரர் எங்கள் கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியிலேயே சாப்பிட்டவர். அவரே, 'கல்யாணம் நடந்ததாகக் கேள்வி' என்று எழுதினார். "சாப்பிட்டீங்களே மாமா" என்றால், "சாப்புட்டது நானு, அம்மிணி. எழுதறது மணியக்காரன். நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா சர்க்காரு என்னையத்தான புடிக்கும்?" என்றார். மாமனார் போய்த் திண்டாடி, மன்றாடி, 'நேரில் அறிவேன்' என்று மாற்றி எழுத வைக்கப் பதினைந்து நாளாயிற்று.

அதை எடுத்துக்கொண்டு போனபோது இன்ஸ்பெக்டர் இல்லை. குமாஸ்தா காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். மனுவையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வலது கன்னத்தில் மச்சம்னு எழுதியிருக்கு. போட்டோவில் இடது கன்னத்தில் இருக்கே?"

போட்டோ சேலத்தில் எடுத்தது. படம் எடுத்த தகட்டைத் திருப்பி வைத்து அச்சுப் போட்டிருக்கிறார்கள். அத்தனை நாளில் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

"நான் எதுத்தாப்புலதான நிக்கறனுங்க, பாருங்க" என்று வலது கன்னத்தைக் காட்டினேன்.

"உன்னைப் பார்த்து என்னம்மா பண்றது? உன்னையா ஃபைல்லே வச்சுத் தைக்க முடியும்?"

"மூக்குத்தியப் பாருங்க. அதுவும் பக்கம் மாறிப் போயிருக்குதுங்களே."

"அப்போ ரெண்டு தப்பு" என்றார் குமாஸ்தா.

மறுநாள் சேலம் போனோம். போட்டோக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து என் முன்னால் பிடித்தார். "நீங்களே பாருங்க. கண்ணாடியில எப்படித் தெரியுதோ அப்படியே போட்டோவிலும் இருக்குது. இதுல என்ன தப்பு?"

அத்தனை மாதமும் ஒரு சத்தம் போடாத மாமனார் அங்கேதான் வெடித்தார். "கச்சேரிக்காரரு கண்ணாடி வெச்சுப் பாக்கறதில்லீங்கோ! நேர்லதான் பாக்கறாரு! எம் மருமவ மச்சத்த அவ கன்னத்துலயே வெச்சுக் குடுங்கோ!" கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு அச்சுப் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் போலீஸ் விசாரணை, இன்னொரு கையெழுத்து, 'அடுத்த வியாழக்கிழமை வா' என்று நான்கு மாதம் போயிற்று. பாஸ்போர்ட் வந்தது. தனிக்குடித்தனம் இருந்த கொழுந்தனாரும் அவர் மனைவியும் மாமனாரோடு வந்து இருக்கச் சம்மதித்தார்கள். சேலத்தில் ரயில் ஏற்றிவிடும்போது மாமனார், "போயிட்டு வாரேன்னு சொல்லு, சாமி" என்றார். சொன்னேன்.

பினாங்குத் துறைமுகத்தில் என் கணவர் நின்றிருந்தார். நான்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டேன். பாதி ஆளாகியிருந்தார். பினாங்கு தீவாதலால் படகில் எதிர்க்கரைக்குப் போய், எஸ்டேட் பக்கம் போகும் ரயிலில் உட்கார்ந்ததும் என் வாய் திறந்துகொண்டது. இன்ஸ்பெக்டர், ஊட்டி, கன்றுக்குட்டி, மணியக்காரர், மச்சம் என்று ஒன்று விடாமல் கொட்டினேன். ஒரு வருஷத்துக் கோபம். அவர் இடையிடையே சிரித்தார். என் கன்னத்தைப் பார்த்து, "வலதுதான்" என்றார்.

பேசிக்கொண்டே இருந்தபோது அவர் கால்மேல் கால் போட்டார். வேட்டி விலகியது. முழங்காலுக்குக் கீழே சதை குழிந்து, கறுத்து, கையகலத்துக்கு ஒரு தழும்பு.

"இதென்னங்க?"

"சயாமுல ரோடு போட ஜப்பான்காரன் இழுத்துட்டுப் போயிட்டான். ரயில் ரோடு. அங்க வந்த புண்ணு."

"எத்தனை பேரு போனீங்க?"

"எங்க எஸ்டேட்டுல நாப்பது பேரு." அவர் ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்தார். "திரும்புனது ஏழு."

அதற்கு மேல் நான் கச்சேரியைப் பற்றிப் பேசவில்லை. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போயிருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். நமுத்துப் போயிருந்தது. ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.