நாயகனுக்கு நான் கொடுத்த துணிச்சல்

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை மண்டி ஒன்றில் எடைச்சீட்டு எழுதும் பணியில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. உரைநடையை நூலகத்தில் நானாகவே கற்றேன். அரசியலும் அறமும் கிறிஸ்தவ விசுவாசமும் ஒரே கதைக்குள் பிணைந்து நிற்க வேண்டும் என்பது அந்நாளில் எனக்கிருந்த ஆசை. பிணைக்கத்தான் தெரியவில்லை. என் நாயகன் முதல் நாற்பது பக்கங்கள் கட்சி மேடையில் பேசுவான். அடுத்த நாற்பது பக்கங்கள் ஜெபிப்பான். இரண்டுக்கும் நடுவே அவன் ஒருவேளை உண்டதாகக்கூட நான் எழுதவில்லை.

விழுப்புரத்திலிருந்து எங்கள் சபைகளுக்கென ஒரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதை நடத்தினார். என் கதைகளைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம், "இவன் எந்த ஊர்க்காரன்?" என்று ஓரத்தில் எழுதியிருப்பார். அவன் என் ஊர்க்காரன்தான். அதை எழுதக்கூடாது என்பதற்காகவே மற்றவற்றையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஆசிரியர் பயிற்சியில் சேரச் சாதிச் சான்று தேவைப்பட்டது. நாங்கள் சேரியில் பிறந்தவர்கள். என் தகப்பனார் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பட்டியல் சாதியார் அல்லர் என்பது சட்டம். எங்கள் சொந்த ஊர்த் தேநீர்க் கடைக்காரர் அந்தச் சட்டத்தைப் படித்திருக்கவில்லை. எங்களுக்கு வைத்த தனிக் குவளையை அவர் அகற்றவே இல்லை. பள்ளிப் பதிவேட்டில் மட்டும் நாங்கள் இந்துக்களாக இருந்தோம். அதை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது.

அன்று காலை சுவரிலிருந்த வேதாகம வசனப் படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த வீட்டம்மாள் தம் வீட்டு முருகன் காலண்டரையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நெத்தி மொட்டையா இருந்தா அவுரு எழுதிக்கினு பூடுவாருக்கா," என்று என் மனைவிக்குப் பொட்டு வைத்தார்.

"எங்க ஆண்டவரு என்னா நெனைப்பாரோ," என்றாள் மனைவி.

"உங்க ஆண்டவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எங்க முருகந்தான் கேப்பான், என்னாத்துக்குடி என்னை வாடகைக்கு உட்டேன்னு."

மூவரும் சிரித்தோம்.

ஆய்வாளர் நல்ல மனிதர். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "சாமி கும்பிட எங்க போவீங்க?" என்று கேட்டார். மனைவி சொல்வாள் என்று சற்றுக் காத்திருந்தேன். அவள் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "பெருமுக்கல் மலைக் கோயிலுக்குங்க," என்றேன். சான்று கிடைத்தது, பயிற்சியில் இடமும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அதையே கதையாக்கினேன். என் நாயகன் படத்தைக் கழற்றவில்லை. "நாங்கள் கிறிஸ்தவர்கள். ஊர் எங்களை இன்னமும் சேரியில்தான் வைத்திருக்கிறது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்," என்று ஆய்வாளரிடம் சொல்கிறான். மகளின் படிப்பு போகிறது. அவள் தகப்பனின் கையைப் பற்றிக்கொள்கிறாள். அந்த இடத்தை எழுதும்போது என் கண்கள் கலங்கின. தலைமையாசிரியர் முதன்முறையாகப் பாராட்டி, என் பெயரிலேயே வெளியிடுவதாகவும், தெளிவான படி ஒன்று வேண்டும் என்றும் கடிதம் எழுதினார்.

என் கையெழுத்து எடைச்சீட்டுக்கு மட்டுமே உதவும். படியெடுத்துத் தருபவள் மகள்தான். விடுமுறைக்கு வந்திருந்தவள் இரண்டு நாட்கள் உட்கார்ந்து எழுதினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை மூடினாள்.

"இந்தப் பொண்ணு எதுக்குப்பா கையப் புடிக்கிது?"

"தகப்பன் உண்மை பேசுனதுக்கு."

"படிப்பு போச்சே, அவளுக்குக் கோவமே வராதா?"

கடைசிப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

"உன் பேரு போட்டு இது வந்தா என் சான்றக் கேன்சல் பண்ணிடுவாங்க. அத வுடு. நீ செஞ்சத ஒரு நாளும் நான் தப்புன்னு சொன்னதில்ல. இப்ப நீதாம்பா சொல்லிக்கினு இருக்க, அதையும் என் கையாலயே எழுத வெச்சிக்கினு."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "நாப்பது பக்கம் மேடையில பேசுனானே, அவனையே உட்டுருக்கலாம்," என்றாள்.

கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். இம்முறை நாயகன் படத்தைக் கழற்றினான். நான் சொன்ன பதிலையே சொன்னான். சான்று வந்ததோடு கதை நின்றது. பெயர் போடுவதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம் என்று, மண்டியில் விடுப்புச் சொல்லிவிட்டு, பேருந்தில் நின்றபடியே விழுப்புரம் போய், தலைமையாசிரியர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதுல மனந்திரும்புதல் எங்க இருக்கு?"

"இன்னும் வரலைங்க ஐயா."

"அப்ப அவன் செஞ்சது சரின்றீங்களா?"

"பொய் சொன்னது தப்புதாங்க. சான்றத் திருப்பிக் குடுக்கறதும் எனக்குத் தப்பாத்தான் படுது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது என் வீட்டில் நடந்ததுதான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. "பழைய முடிவையே குடுங்க. புனைபெயர்ல போட்டுடறேன். பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. படிக்கிறவங்களுக்கும் விசுவாசம் வளரும்," என்று கனிவாகவே சொன்னார்.

அதற்கு இணங்கியிருக்கலாம். பத்து ஆண்டுகள் எதற்காக எழுதினேனோ அது கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. என் மகளுக்கும் ஆபத்தில்லை. ஆனால் எனக்கில்லாத துணிச்சலை நாயகனுக்குக் கொடுத்துவிட்டு, என் பெயரையும் மறைத்துக்கொண்டால், ஆய்வாளரிடம் சொன்னதைவிடப் பெரிய பொய்யாக அது எனக்குத் தோன்றியது. "வேணாங்க ஐயா," என்று கதையை வாங்கிக்கொண்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதன்பின் அவருக்கு நான் எதுவும் அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை.

மகள் கெடார்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையானாள். அங்கிருந்து ஞாயிறுதோறும் இரண்டு பேருந்து மாறி, தன்னை யாரும் அறியாத ஓர் ஆலயத்துக்குப் போய் வருகிறாள். எங்கள் ஆலயத்தில், மனந்திரும்பியவர்களுக்கு அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்துக்கு நான் எழுந்து போகும் நாட்களும் உண்டு. இருக்கையிலேயே இருந்துவிடும் நாட்களும் உண்டு. ஆயர் இதுவரை காரணம் கேட்டதில்லை. கேட்டால், முழங்கால் வலி என்று சொல்வதாக இருக்கிறேன்.