இன்ஸ்பெக்டருக்காக அணைத்த சூடம்

எங்கள் தேயிலை மலையில் காலை பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் பேச்சு ஒன்றுதான். நேற்று மாலை ஏழு மணி டிவி நாடகத்தில் யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்பது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாதமாகக் கணக்கு ஆசிரியர் வரவில்லை என்று ஒருத்தி தொடங்கினால் அரை நிமிடம் கேட்பார்கள். அதற்குள் இன்னொருத்தி, "அந்த டிரைவர் மூஞ்சியே சரியில்ல" என்பாள். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கணக்கு ஆசிரியர் போன இடம் தெரியாது.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்தேன். பிறகு மலைக்கு வந்து கொழுந்து எடுக்கத் தொடங்கி முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்றும் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓரமாக உட்கார்ந்து ரொட்டியைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள்.

"தங்கமான மனுசன். வெசத்த வச்சுட்டாங்களே."

"அந்த ரெண்டு பொம்பளப் புள்ளைங்களையும் இனி யாரு பாக்குறது?"

எந்தத் தோட்டம், எந்த வீடு என்று கேட்க எனக்குக் கூச்சம். வழி முழுக்க அந்தப் பிள்ளைகளை நினைத்து மனம் கனத்துக்கொண்டு வந்தேன். இறங்கும் நேரத்தில்தான் புரிந்தது, செத்தவர் நாடகத்தில் வரும் நகைக்கடை முதலாளி. நான் பட்ட கவலையை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

அந்த முதலாளியைக் கொன்றது யார் என்பதுதான் நாடகம். நாலு மாதமாக அதையே இழுத்தார்கள். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய மீசை. மனைவி இறந்துபோனவர். தினமும் மனைவியின் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, தெருநாய்க்குச் சோறும் வைத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போவார். தடயங்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இன்ஸ்பெக்டரையே காட்டத் தொடங்கியதும் எங்கள் மலை இரண்டாகப் பிரிந்தது.

ஒரு கட்சிக்குத் தலைவர் எங்கள் கங்காணி. நாங்கள் எடுக்கும் கொழுந்தைப் பார்வையிடுவது அவர் வேலை. என்னைவிட வயதில் சிறியவர். முற்றல் இலையைக் கண்டுபிடிக்கும் கண் தனக்கு இருப்பதால் கொலைகாரனையும் கண்டுபிடிக்க முடியும் என்பது அவர் எண்ணம்.

"இன்ஸ்பெக்டர்தான். நேத்து பதில் சொல்லுறப்ப மூணு தரம் எச்சி முழுங்கினான், பாத்தீங்களா? பொய் சொல்றவன்தான் எச்சி முழுங்குவான். நான் மட்டும் பொலிசுல சேந்திருந்தா மொத நாளே புடிச்சிருப்பேன்."

இவருடைய கறுப்புக் குடை கொழுந்து நிறுக்கும் இடத்தில் காணாமல் போய் ஒரு வருடமாகிறது. அதை எடுத்தது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மற்றக் கட்சிக்குத் தலைவி என் எதிர்வீட்டுக்காரி. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிர் லயம், என் வாசலுக்கு நேர் வாசல். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். இன்ஸ்பெக்டர் கொலை செய்திருக்க முடியாது என்பதற்கு அவள் சொன்ன காரணம் நாய்.

"வாயில்லா சீவனுக்குச் சோறு வச்சிட்டு திங்கிற மனுசன் அவரு, கங்காணி. கொல பண்ணுவாரா?"

எங்கள் லயத்தில் தவறாமல் நாய்க்குச் சோறு வைப்பவன் ஒருவன் உண்டு. தவறாமல் பெண்டாட்டியை அடிப்பவனும் அவன்தான். அந்தச் சத்தம் கேட்கும்போது டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறவர்களில் இந்த எதிர்வீட்டுக்காரியும் ஒருத்தி.

நாய் அவளுடைய உண்மையான காரணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய புருஷன் ஹல்துமுல்லைப் பக்கம் வேலைக்கென்று போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். செத்த மனைவியின் படத்துக்குப் பூ வைக்கிற ஒருவனை அவள் தினமும் அரை மணிநேரம் பார்த்தாள். அவன் கெட்டவன் என்று யாராவது சொன்னால் அவளால் தாங்க முடியவில்லை. இது தெரிந்தும் எனக்கு அவள்மீது இரக்கம் வரவில்லை. நடிப்பவனுக்கு வீட்டில் வேறு பெண்டாட்டி இருப்பாள், அவளுக்கு அவன் பூ வாங்கிக் கொடுக்கிறானோ இல்லையோ என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் புது மலையில் கொழுந்து எடுக்கத் தொடங்கினோம். மலையின் ஓரத்தில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் முனியாண்டிக் கல். புது மலையில் கை வைக்குமுன் முனிக்குச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். அட்டை கடிக்காமல், பாம்பு தீண்டாமல் காப்பாற்று என்பது வேண்டுதல். மரத்தின் உயரக் கிளையில் பானை அளவு குளவிக்கூடு தொங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தோம். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று என்றார் கங்காணி. அத்தோடு விட்டுவிட்டு இன்ஸ்பெக்டரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

சூடம் எரிந்துகொண்டிருந்தது. கங்காணி சும்மா இருந்திருக்கலாம்.

"ஒன் இன்ஸ்பெக்டர் நல்லவன்னா சூடத்த அமத்திச் சத்தியம் பண்ணு பாப்போம்."

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்களிடையே சின்ன விஷயம் இல்லை. அடுத்தவள் சாக்கிலிருந்து கொழுந்தை அள்ளினாள் என்று பழி வந்தவள் செய்வாள். பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். பொய்ச் சத்தியம் செய்தவளை முனி ஒரு வாரத்துக்குள் அடிப்பார் என்பது நம்பிக்கை.

எதிர்வீட்டுக்காரி முன்னால் போனாள். "அந்த மனுசன் கொல பண்ணல. பண்ணியிருந்தா முனி என்னைய அடிக்கட்டும்" என்று சொல்லிப் படீரென்று சூடத்தை அடித்தாள்.

சிரித்துக்கொண்டிருந்த கங்காணி தொப்பியைக் கழற்றினார். அவள் முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். எங்கோ ஓர் ஊரில் சம்பளத்துக்கு மீசை ஒட்டிக்கொண்டு நடிக்கிற ஒருவனுக்காகத் தன் உயிரை வைத்துச் சத்தியம் செய்தவளை நான் அன்றுதான் பார்த்தேன். பைத்தியம் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாலை நாடகத்தில் காட்டிவிட்டார்கள். பழைய நினைவு என்று கறுப்பு வெள்ளையில் ஒரு காட்சி. நகைக்கடை முதலாளியின் பால் டம்ளரில் விஷத்தைக் கலப்பது சாட்சாத் அந்த இன்ஸ்பெக்டர். மீசையைக்கூட மறைக்கவில்லை. நான் நாடகம் பார்ப்பதில்லை. ஆனால் எல்லா வீட்டு டிவியிலும் ஒரே நேரத்தில் அந்த இசை எழும்பியதும், எதிர்வீட்டில் டிவி சட்டென்று நின்றதும் காதில் விழுந்தது.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவள் முகம் வெளுத்திருந்தது. கங்காணி எதுவும் கேட்கவில்லை. ஜெயித்தவருக்கும் பயம் பிடித்திருந்தது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன் காற்று எழும்பியது. கிளை உரசியதோ, பருந்து கொத்தியதோ, குளவி கலைந்துவிட்டது. குளவி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று மலையில் சின்னப் பெண்ணுக்கும் தெரியும். இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு சரிவில் கீழே ஓட வேண்டும். எல்லோரும் ஓடினோம். நான் வாய்க்காலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி ஓடவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, முனிக்கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. தண்டனையை வாங்கிக்கொள்வதற்காக உட்கார்ந்திருந்தாள்.

ஆண்கள் புகை போட்டு, சாக்கால் மூடி அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கொழுந்து ஏற்ற வந்த லொறி நின்றது. பதுளை பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்று டிரைவர் கத்தினார். அவள் லொறியின் பலகையைப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்றாள்.

"முனிக்கிட்ட மாப்பு கேக்காம போனா ஊசி ஏறாது. சூடம் வாங்கிட்டு வாங்க. கோழி ஒண்ணு நேந்துக்கிறேன்."

எந்த ஊரிலாவது இந்த நேரத்தில் நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி உள்ளே போட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் விவாதத்தைத் தொடங்கினார்கள்.

"நாடகத்துக்குப் பண்ணுன சத்தியம் செல்லுமா?" என்றாள் ஒருத்தி.

"சூடம் சூடந்தானே."

"அப்ப சத்தியம் பண்ணச் சொன்னவருக்கு ஒண்ணுமில்லையா?"

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார் கங்காணி. "அவ கைய வைப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? கோழிய நேந்துக்கட்டும், நான் வாங்கித் தர்றேன்."

கோழி வாங்கப் பஸ் ஏறிப் போய்வர எவ்வளவு நேரம் என்று ஒருத்தி கணக்குப் பார்த்தாள். லொறி உறுமிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுக்காரியின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே யாரோ பேசுவது கேட்டது. பேசியது நான்தான்.

"இன்ஸ்பெக்டர் கொல பண்ணல."

எல்லோரும் திரும்பினார்கள். என் காது சுட்டது.

"நான் மிச்சத்தப் பாத்துட்டேன். போன்ல."

இந்தியாவில் முதலில் ஓடுகிற நாடகம் எங்களுக்குச் சில வாரம் பிந்தித்தான் வரும், போனில் முன்னமே பார்த்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் வேலை செய்யும் என் மகள் எனக்கு ஒரு போன் கொடுத்திருந்தாள். லயத்தில் சிக்னல் கிடையாது. ஞாயிறுதோறும் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறி உட்கார்ந்து அவளோடு பேசுவேன். நான் அங்கே நாடகம் பார்ப்பதாகத்தான் இவர்கள் நினைத்திருந்தார்கள். வேறு எதற்காக ஒரு மனுஷி போனைக் கையில் வைத்திருப்பாள்?

"கொன்னது யாரு?" என்றார் கங்காணி.

நான் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. இவர்கள் எதை நம்புவார்கள் என்று தேடினேன். இருப்பதிலேயே கேவலமானது எதுவோ அதுதான் வாயில் வந்தது.

"அவன் தம்பி. ரெட்டப் புள்ள. ஒரே மொகம், ஒரே மீச."

"தம்பியா? இத்தன நாளு எங்க இருந்தான்?"

"துபாய்ல."

மூன்று முறை எச்சில் விழுங்கியிருப்பேன். கங்காணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி வீங்கிய முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினாள். "சத்தியமாவா அக்கா?"

"சத்தியமா."

பலகையைப் பிடித்திருந்த கை விட்டது. தூக்கி ஏற்றினார்கள். லொறி போனது.

நாலாம் நாள் திரும்பி வந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டு, வாட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் இரட்டைத் தம்பி கதையைச் சொன்னதைத்தான் விரிவாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. நாடகத்தில் தம்பி வராவிட்டால் என்ன ஆகும்? அவள் மறுபடி ஏதாவது செடிக்கு நடுவே உட்கார்ந்துகொள்வாள். அப்போது சொல்ல என்னிடம் இன்னொரு தம்பி இல்லை. மகளிடம் போனில் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அம்மாவும் நாடகத்தில் விழுந்துவிட்டாள் என்று அவள் சிரிப்பாளே என்று வெட்கப்பட்டேன். ஆகவே மாலை ஏழு மணிக்குக் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நாடகம் பார்த்தேன். வாழ்க்கையில் இப்படி ஒரு குப்பையை நான் பார்த்ததில்லை. ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வர மூன்று நாள் எடுத்தார்கள். மூன்று பேர் மாறி மாறி முறைத்தார்கள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஒருநாள் பாதியில் கரண்ட் போனபோது கெட்ட வார்த்தைகூட வந்தது.

மலையில் என் இடமும் மாறிவிட்டது. தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "அக்கா, அந்த மருமக செத்துருவாளா?" "சின்னம்மா, தம்பி எப்ப வருவான்?" சொன்னால் பார்க்கிறதில் ருசி போய்விடும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, நாடகத்தில் விமான நிலையத்தைக் காட்டினார்கள். கறுப்புக் கண்ணாடியும் பெட்டியுமாக ஒருவன் வெளியே வந்தான். கண்ணாடியைக் கழற்றினான். அதே முகம். அதே மீசை. சும்மா மூன்று தடவை அந்த முகத்தைக் கிட்டே கொண்டுவந்து காட்டினார்கள். எதிர்வீட்டில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதிதான். ஆனால் நிம்மதிக்குப் பின்னாலேயே எரிச்சலும் வந்தது. லொறி உறுமிக்கொண்டு நிற்க, பயத்தில், மூளையே இல்லாமல் நான் உளறியதை, இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்துக் கதை என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் முனிக்குப் பொங்கல் வைத்தாள். பெரிய சூடமாகக் கொளுத்தினாள். தன் சத்தியம் பலித்தது என்று கும்பிட்டாள். குளவி எதற்குக் கொட்டியது என்று யாரும் கேட்கவில்லை. கூடு இன்னும் அதே கிளையில்தான் தொங்கியது. முதல் இலையில் பொங்கலை வைத்து எனக்குத்தான் கொடுத்தாள்.

"நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லாட்டி நான் செத்துருப்பேன் அக்கா."

அது உண்மைதான். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். உப்புக் குறைவு.

கங்காணி தன் இலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தம்பி துபாய்ல இருந்தான்னு சொன்னீங்க. நாடகத்துல சிங்கப்பூர்லேருந்து வந்தான்னுதானே சொன்னான்?"

எச்சிலை விழுங்கினேன்.

"வர்ற வழியில துபாய்ல எறங்கியிருப்பான்."

அவர் கண்ணைச் சுருக்கி யோசித்தார். பிறகு எல்லாம் விளங்கிவிட்டதுபோலத் தலையை ஆட்டினார்.

"அதானே பாத்தேன்."

தூறல் விழத் தொடங்கியது. இலையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார். அவருடைய குடை இன்னும் கிடைக்கவில்லை.