சங்கீதா பார்த்துச் சிரித்த கேமரா

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் எனக்குச் சின்னராசுவை நான்கு வருடமாகத் தெரியும். கிராஞ்சி தொழிலாளர் விடுதியில் தங்கி, கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறான். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலில் என் கடை, பிறகுதான் சாப்பாடு.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என்னிடம் ஒரு வைஃபை கேமரா வாங்கிப் போனான். போனிலிருந்தே எந்தப் பக்கமும் திருப்பலாம், பேசவும் செய்யலாம். புதுக்கோட்டை வீட்டில் மனைவி சங்கீதாவும் கைக்குழந்தையும் தனியாக இருக்கிறார்கள். பாஸ்வேர்டு நான்தான் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் கேமரா வாங்கும் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான்: கடைப் பெயரும் 123ம். இல்லாவிட்டால் இந்தப் பயல்கள் மறந்துவிட்டு நேரம் காலம் பார்க்காமல் போன் அடிப்பார்கள். எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது?

போன வாரம் தொலைக்காட்சிச் செய்தியில், வீட்டுக் கேமராக்களுக்குள் யாரோ புகுந்து பார்க்கிறார்கள் என்றார்கள். பாஸ்வேர்டை மாற்றுவது பயன்படுத்துபவரின் பொறுப்பாம். அப்பாடா, நம் தலை தப்பியது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த ஞாயிறு மத்தியானம் சின்னராசு வந்தான்.

“அண்ணே, கேமரா கெட்டுப்போச்சா? நான் வேலையில இருக்கிறப்பக்கூடத் திரும்புதாம். சங்கீதா சொல்லுது.”

“நீதான் போன்ல திருப்பியிருப்பே லா.”

“பட்டறை யார்டுக்குள்ள போனே விட மாட்டாங்கண்ணே. கேட்லயே வாங்கி வச்சிருவாங்க.”

தொலைக்காட்சிச் செய்தி நினைவுக்கு வந்தது. “அது நீ இல்லன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொன்னியா?”

“இல்லண்ணே. நான்தான் பாக்குறேன்னு அதுக்கு ஒரே சந்தோசம். அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

அவன் போனை வாங்கிப் பார்த்தேன். திரையில் வீட்டுக் கூடம். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டை மாற்றலாம் என்று விரலை நீட்டுவதற்குள் படம் மெதுவாக நகர்ந்தது. நானும் தொடவில்லை, அவனும் தொடவில்லை. உள்ளறைக் கதவுப் பக்கம் போய் நின்றது.

சங்கீதா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள். கேமரா தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வந்துட்டீங்களா மாமா? இன்னைக்கும் பேசாமத்தான் பாத்துட்டு இருப்பீங்களா? இருங்க, வாசக்கதவச் சாத்திட்டு வர்றேன்.”

சின்னராசு என் கையிலிருந்த போனைப் பிடுங்கினான். “பிளக்கப் புடுங்கச் சொல்லுடா” என்று நான் கத்தினேன். அதற்குள் அவள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.