மகள் வர்றதுக்குள்ள துணி போகணும்

தையல் தொழில்ல கத்திரிக்கோல் பிடிக்க ஆறு மாசத்துல படிச்சுரலாம். வெட்டுன மிச்சத்தைத் தூக்கிப் போடப் படிக்கத்தான் எனக்கு முப்பது வருஷம் பத்தல. பீரோவைச் சாத்த முழங்காலை முட்டுக் கொடுக்கிற ஆளா நீங்க? அப்ப நீங்க நம்மாளு, உக்காருங்க.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தாக

திருத்தங்கல்ல எங்க வீடு முன்ரூம், பின்ரூம், அடுப்படி அம்புட்டுதான். முன்ரூம்ல மிஷின், பின்ரூம்ல துணி. பிளவுஸ் மிச்சம், லைனிங் மிச்சம், சுடிதார் மிச்சம், தைக்கக் கொடுத்துட்டு வாங்க வராத உருப்படி, பின்னால ஆகும்னு நானே தள்ளுபடியில வாங்கிப் போட்டது, எல்லாம் சாக்குலயும் அட்டைப்பெட்டியிலயும் கட்டிலுக்கு மேலயும் கீழயும் கிடக்கும். தீபாவளி சீசன் முடியட்டும், ஒதுக்கிரலாம்னு வருஷா வருஷம் சொல்லுவேன். சீசன் முடிஞ்சா பொங்கல் வந்துரும். பொங்கல் முடிஞ்சா கல்யாண ஆர்டர் வந்துரும்.

இந்த வருஷம் என் மக செல்வி உண்டாயிருந்தா. வளைகாப்புக்கு நாள் குறிச்சுட்டு, அதைச் சொல்ல அவ மாமியார் சாத்தூர்ல இருந்து வந்தாக. வளைகாப்பு முடிஞ்ச கையோட தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டியாரது நம்ம வழக்கம். சம்பந்தியம்மா கை கழுவப் போற சாக்குல பின்ரூமை எட்டிப் பார்த்தாக. பஞ்சுத்தூசி ஏறி வரிசையா மூணு தும்மல். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்துனேன். ஒத்த மக, அவ பிரசவத்தை நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா? அவுக கோவமாக் கூடச் சொல்லல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக: "மதினி, துணியெல்லாம் இங்கனயே இருக்கட்டும், செல்வி எங்க வீட்லயே இருந்துக்கிறட்டும்."

வளைகாப்புக்கு அன்னிக்கு இருந்து பன்னெண்டு நாள்.

ஊர் சுத்துன பிட்டு

மறுநாளே முதல் சாக்கை அவுத்தேன். கல்யாணம், சடங்கு, புதுவீடுன்னு தாம்பூலத்தோட கொடுக்கிற பிளவுஸ் பிட்டு மட்டும் ஒரு சாக்கு. அதை யாரும் தைக்க மாட்டோம். அடுத்த விசேஷத்துல அடுத்தவுக கையில தள்ளிவிட்டுருவோம். உங்க வீட்லயும் இருக்கும், மறைக்காதீக. அதுல மாம்பழக் கலர்ல ஒண்ணு. ஓரத்துல மிஷின் எண்ணெய் சொட்டுன கறை. பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுபோச்சு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால, கறையை உள்மடிப்புல வச்சு என் நாத்தனாருக்கு நான் கொடுத்த பிட்டு! விருதுநகர், வெம்பக்கோட்டைன்னு எத்தனை வீடு சுத்துச்சோ, கடைசியில எங்கிட்டயே வந்து சேர்ந்திருக்கு. மானம் போனாப் போகுதுன்னு அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவ கொஞ்சங்கூடக் கூச்சப்படல: "கறையை அன்னிக்கே பார்த்துட்டேன் மதினி, நீங்களே மறைச்சுக் கொடுத்ததை நான் எப்படி வெளிய சொல்றது?"

தீக்குச்சி

பட்டாசுக் கம்பெனிக்குப் போற பொம்பளைக காட்டன் தவிர எதையும் உடுத்தக் கூடாது. பாலியஸ்டர் உரசுனாப் பொறி வரும்னு கேட்லயே நிப்பாட்டிருவாக. அதனால மிச்சத்துணியை யாருக்காச்சும் கொடுக்கணும்னாலும் காட்டன் வேற, பாலியஸ்டர் வேறன்னு பிரிச்சாகணும். சந்தேகமா இருந்தா ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். சாம்பலாப் போனாக் காட்டன், உருகி உருண்டாப் பாலியஸ்டர்.

ஒரு சாயங்காலம் குனிஞ்ச தலை நிமிராம நூல் உருவிக்கிட்டு இருக்கேன். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி வேன்ல இருந்து இறங்குன மாரியம்மா நேரா வந்து எதுத்தாப்புல உக்காந்துட்டா. எங்கிட்ட பத்து வருஷமாத் துணி தைக்கக் கொடுக்கிறவ. அன்னிக்கு வேன் சீக்கிரம் கிளம்புதுன்னு குளிக்காமக் கொள்ளாம ஏறியிருக்கா; முழங்கை வரைக்கும் பட்டாசுக்குப் போடுற வெள்ளி மருந்து மினுங்குது. பாவி மக நான், அதைக் கவனிக்காமத் தீப்பெட்டியை எடுத்து உரசிட்டேன். ஒரே தாவு, மாரியம்மா தெருவுல நிக்கிறா! குச்சியை ஊதி அணைச்சுத் தண்ணி வாளிக்குள்ள போட்டேன். இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவளுக்கு எங்க போச்சு புத்தின்னு தலையில அடிச்சுக்கிட்டேன். மாரியம்மா அங்கன நின்னபடியே போட்டா ஒரு சத்தம்: "நாள் பூரா மருந்துக்குள்ள உக்காந்து தப்பிச்சு வாரேன், நீங்க துணி ஒதுக்கவா என்னையக் கொளுத்தப் பாக்கீக?"

வாங்க வராத ஜாக்கெட்

ஆறு நாள் ஓடிருச்சு. பிரிக்கப் பிரிக்கத் துணி குறையல, என் வயசுதான் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. பச்சைப் பூப்போட்டது, செல்வி முதநாள் பள்ளிக்கூடம் போன கவுன்ல மிச்சம். காப்பிக்கொட்டைக் கலரு, ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைக அம்புட்டுப் பேரும் ஒரு தீபாவளிக்கு ஒண்ணுபோல உடுத்துனது. அன்னிக்கு எங்க தெருவே காப்பிக்கொட்டையா இருந்துச்சு. அதுகளை எடுத்து மடியில வச்சுக்கிட்டு மிஷினைத் தொடாமலே மத்தியானம் போயிரும். எங்க வீட்டுக்காரர் அச்சடிக்கிற பிரஸ்ல வேலை பார்க்கிறவரு, சாப்பிட வந்து பார்த்துட்டு, "ஒதுக்குறியா, ஒப்பாரி வைக்கிறியா?"ன்னு கேட்டுட்டுப் போவாரு.

அடியில ஒரு பட்டு ஜாக்கெட் கிடந்துச்சு. கை வச்சு, பஃப் வச்சு, கொக்கி எல்லாம் கட்டி முடிச்சது. முத்துலட்சுமின்னு ஒரு பிள்ளை கொடுத்தது. கல்யாணமாகி ஒரே மாசத்துல புருஷனோட திருப்பூருக்குப் பிழைக்கப் போனவ, வாங்க வரவே இல்ல. என்ன ஒரு துறுதுறுப்பு அந்தப் பிள்ளை! அளவு எடுக்கும்போது ஒரு நிமிசம் நிக்க மாட்டா. அவ அக்காகிட்ட நம்பர் வாங்கிப் பேசுனேன். குரலே மாறியிருந்துச்சு, ஆனா சிரிப்பு அதே சிரிப்பு. "ஜாக்கெட் பத்திரமா இருக்கு, அனுப்பட்டா?"ன்னு கேட்டேன்.  அவ சொன்னா: "அந்த உடம்பே இப்ப எங்கிட்ட இல்லையேக்கா, அந்தப் பக்கம் ஒல்லியா எவளாச்சும் இருந்தாக் கொடுத்துருங்க."

அதைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கிக் கொடுக்கக் கை வந்துச்சு. மிச்ச நாள்ல வேன் வந்து நிக்கிற நேரம் பார்த்து வாசல்ல குவிச்சுப் போட்டேன். தலையில கட்ட, தலையணை உறை போட, பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கன்னு ஆளாளுக்கு அள்ளிக்கிட்டுப் போனாக. வீட்டுக்காரர் சுவத்துக்கு வெள்ளையடிச்சாரு. வளைகாப்புக்கு முந்தின நாள் சம்பந்தியம்மா வந்து பார்த்து, சரின்னு தலையை ஆட்டிட்டுப் போனாக.

பழந்துணி

வளையல் குலுங்க வந்து இறங்குனா என் மக. பின்ரூமைச் சுத்திச் சுத்திப் பார்த்தா. என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. எனக்குப் பெருமை தாங்கல. அப்புறம் கட்டில்ல உக்காந்து மெதுவாக் கேட்டா, "ஏம்மா, பிள்ளைக்குப் பழந்துணி எங்க வச்சிருக்க?"

எனக்குப் பொசுக்குன்னு ஆயிருச்சு. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில போட மாட்டோம். துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பழைய காட்டன்தான் வேணும். முப்பது வருஷமா நான் சேர்த்தது அம்புட்டும் புதுசு, அதுவும் போயாச்சு. நான் கட்டுறது தேய்க்க வேண்டாத பாலியஸ்டர் சேலை. வீட்டுக்காரர் பழைய கைலியெல்லாம் பிரஸ்ல மை துடைக்கப் போயிருச்சு. தையல்காரி வீட்ல பிள்ளைக்கு ஒரு முழம் துணி இல்ல! அன்னிக்குச் சாயங்காலம் மாரியம்மாகிட்டச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

மறுநாள் காலையில வேனுக்குப் போற வழியில அவ ஒரு மூட்டையோட நிக்கிறா. அவளுக்குப் பின்னால இன்னும் நாலு பொம்பளைக, ஆளுக்கு ஒரு மூட்டை. பிரிச்சுத் தொட்டேன், பூ மாதிரி இருந்துச்சு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. இதுல மருந்து ஒட்டியிருக்குமோன்னு நான் கேட்க நினைச்சு வாய்க்குள்ள வச்சிருந்ததுக்கு மாரியம்மாவே பதில் சொன்னா: "கம்பெனிக்குக் கட்டுனது ஒண்ணுகூட இல்லக்கா, எல்லாம் வீட்ல கட்டுனது, அதையும் மூணு தண்ணி அலசிருக்கோம், பிள்ளையைத் தைரியமாப் போடுங்க."

ஆக, துணி இல்லாத பின்ரூம்னு ஒண்ணு உண்டான்னு கேட்டீகன்னா, உண்டுதான், எங்க வீட்ல அது என் மக வந்த ராத்திரி வரைக்கும் இருந்துச்சு, விடிஞ்சா அஞ்சு மூட்டை.