இருபத்தைந்தாவது ஐஸ் கட்டி

என் அக்கா பதினோரு வருடமாக நர்சரி டீச்சர். பனி கொட்டி அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் வருடத்துக்கு ஒரு வாரம், இருபத்து நான்கு பொடிசுகளுக்கு அவள்தான் பனியைக் காட்டியாக வேண்டும். தலைமை ஆசிரியை என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு தாளை நீட்டிவிட்டுப் போய்விடுவார். பனிக்குப் பதிலாகப் பஞ்சு, உப்பு, ஷேவிங் க்ரீம் என்று வாங்குவதெல்லாம் அக்கா தலையில்.

அந்த வாரம் எங்கள் ஃப்ரீசரில் விரல் நுழைய இடமில்லை. டம்ளர் டம்ளராகத் தண்ணீருக்குள் பிளாஸ்டிக் கரடியும் மீனும் யானையும் உறைந்து நின்றன. பிள்ளைகள் உப்பைத் தூவி, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி அவற்றை மீட்க வேண்டும், எது சீக்கிரம் கரைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பாடம். அக்காவின் ஆறு வயது மகள் குட்டி, ஃப்ரீசர் கதவைத் திறந்து திறந்து பார்த்தாள்.

"இருபத்தஞ்சாவது உனக்குடி. வெள்ளிக்கிழமை நான் வந்ததும் ரெண்டு பேரும் விளையாடலாம்" என்றாள் அக்கா. குட்டிக்கு நாலு நாளும் அதே பேச்சு.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தபோது முகத்தில் களையே இல்லை. வகுப்பில் ஒருவன் உப்பை வாயில் அள்ளிப் போட்டிருக்கிறான். ஒருத்தி க்ரீமைக் கண்ணில் தேய்த்துக்கொண்டாளாம். அத்தனை பேரையும் கழுவிவிட்டு, மண்டிபோட்டுத் தரையையும் துடைத்துவிட்டு வந்திருந்தாள். இங்கே குட்டி துண்டு விரித்து, கிண்ணத்தில் உப்பு, குவளையில் தண்ணீர், நடுவில் முயல் உறைந்த ஐஸ் கட்டி என்று எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

"பத்தே நிமிஷம்டி கண்ணு. முதுகைச் சாய்ச்சுட்டு வரேன்."

கட்டையைச் சாய்த்தவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மேல் இல்லை, அந்தத் தாள் மேல்.

"வா, சித்தி விளையாடுறேன்" என்றேன்.

"வேணாம் சித்தி. அம்மாதான்."

ஒன்றரை மணி நேரம் அவள் அதைத் தொடவில்லை. அம்மாவை எழுப்பவும் இல்லை, என்னை எழுப்ப விடவும் இல்லை. அக்கா பதறியடித்து எழுந்து வந்தபோது துண்டு தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளே இருந்த முயல் தானாகவே வெளியே வந்து கிடந்தது.

"ஐயோ, எழுப்பியிருக்கலாம்லடி?"

"நீ பாவம், தூங்கிட்டிருந்த" என்ற குட்டி, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "என்னை உன் கிளாஸ்ல சேத்துக்கிறியாம்மா?"

"அது நாலு வயசுப் பிள்ளைங்க கிளாஸுடி. நீதான் பெரியவளாயிட்டியே."

"நான் நாலு வயசா இருந்தப்பவும் நீ அங்கதானே இருந்த? அப்ப ஏன் என்னைச் சேத்துக்கல?"

குறை சொல்லவில்லை அவள், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அக்கா அந்த ஈரத் துண்டின் மேலேயே உட்கார்ந்து, அவளை மடிக்கு இழுத்துக்கொண்டு அழுதாள்.