ஒரே பேரல், இரண்டு கார்

டர்போ என்றாலே மோசம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாகத் திருச்செங்கோட்டில் ரிக் பட்டறை வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். முதலாளி வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அவரையே சபையில் தலைகுனிய வைத்தவன் என்றும் பேசிக்கொள்கிறார்கள். நேரில் வந்து கேட்டால் எனக்கு வாய் வராது. நாலு பேர் கூடிய இடத்தில் சுவரோரமாக நிற்கிற ஆள் நான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பதினேழு வயதில் ரிக் வண்டியில் ஏறினேன். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் என்று பாறை இருக்கிற ஊரெல்லாம் போயிருக்கிறேன். அந்த லாரியில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்குத் தனி எஞ்சின், அந்த எஞ்சினில் ஒரு டர்போ. எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் சுற்றுகிற சின்ன விசிறிதான் டர்போ. அது உள்ளே போகும் காற்றைத் திணித்து அனுப்பும், எஞ்சினுக்குப் பலம் கூடும். புகைச் சூட்டில் சிவந்துபோய்ச் சுற்றும் அந்த விசிறியின் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

வேலை முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்பது ரிக்கில் சட்டம். அணைத்தால் ஆயில் வரத்து நின்றுவிடும், விசிறி நிற்காது. ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு சோளக்காட்டில் பசி அவசரத்தில் நான் சாவியைத் திருப்பிவிட்டேன். துளை போடும் டிரில்லர் என் செவிட்டில் ஒன்று வைத்தார். டர்போ பற்றி எனக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

முதுகு போன பிறகு வெளியூர் ஓட்டத்தை விட்டுவிட்டு, சங்ககிரி சாலையில் இருக்கும் ஒரு ரிக் முதலாளியின் பட்டறையில் வண்டிகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பதினொரு வருடம் அங்கே இருந்தேன். பட்டறைக்குள் நுழைந்ததும் கட்டைகளின் மேல் ஆயில் பேரல் இருக்கும், அதில் ஒரு கைப் பம்பு. ரிக்குக்கு அதிலிருந்துதான் ஆயில். லாரிக்கும் டிராக்டருக்கும் அதுதான். முதலாளியின் மகன் ஒருமுறை புல் வெட்டும் மெஷினுக்குக்கூட அதிலிருந்து பிடித்தான். ரிக் வைத்திருக்கிற குடும்பத்தில் காருக்கென்று தனியாக டப்பா ஆயில் வாங்கினால் கேலி செய்வார்கள். பேரலே வீட்டில் இருக்க டப்பா எதற்கு?

முதலாளியிடம் ஒரு கார் இருந்தது. ஜீப் மாதிரி கொஞ்சம் உயரமாக நிற்குமே, அந்த ரகம். டர்போ இல்லாதது. நாலு வருடமாக அதற்கும் பேரல் ஆயில்தான் ஊற்றி வந்தேன். காலையில் எடுக்கும்போது எஞ்சின் கொஞ்ச நேரம் டக டக என்று சத்தம் போடும், பிறகு அடங்கிவிடும். மைலேஜ் சற்றுக் குறைந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

பிறகு மருமகளுக்குக் கார் வாங்கினார்கள். அவர் சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார், தினமும் தானே ஓட்டிக்கொண்டு போவார். அதே கம்பெனி, அதே உருவம், அதே வெள்ளை நிறம். ஆனால் தன் காரில் டர்போ வேண்டும் என்றார் மருமகள்.

"என்ற கார்ல டர்போ கெடயாது, ஓடலையா அம்மிணி?" என்று முதலாளி கேட்டார்.

"ஓடுதுங்க மாமா. முன்னால போற லாரியத் தாண்டறதுக்குள்ள காலேஜ்ல பெல்லு அடிச்சுப்போடறாங்க."

பட்டறையில் எல்லோரும் சிரித்தோம். முதலாளியும் சிரித்துவிட்டு டர்போவையே வாங்கிக் கொடுத்தார்.

முதல் மூன்று சர்வீஸ் சேலத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நடந்தது. நாலாவதற்கு முதலாளி அந்தக் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். மூடியின் மேலே பூஜ்ஜியம், பக்கத்தில் இருபது என்று போட்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, எண் வாசிக்க வரும். பேரலில் பதினைந்து, நாற்பது. பூஜ்ஜியம் இருபது என்றால் தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயில், எஞ்சினை எடுத்த உடனே டர்போ வரைக்கும் ஓடிப்போய்ச் சேரும். பேரல் ஆயில் அதற்கு முன்னால் விளக்கெண்ணெய். முதலாளியிடம் மூடியைக் காட்டினேன்.

"இதுக்கு வேற ஆயிலுங்க. இது மெல்லிசா இருக்கோணும்."

"என்ற காருக்கு இதத்தான ஊத்தற?"

"அதுல டர்போ இல்லீங்க."

"ரிக்குல டர்போ இல்லியா? அத்தாம் பெரிய டர்போவே இதக் குடிச்சுட்டு ஓடுது. இது சுண்டைக்காயாட்ட இருக்குது. ஊத்துப்பா."

கேட்கிறவர்களுக்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் படும். ரிக் எஞ்சின் அந்த ஆயிலுக்கென்றே செய்யப்பட்டது, அதன் ஆயில் குழாயில் சுண்டுவிரல் போகும், இந்தச் சின்ன எஞ்சினின் குழாய் குச்சி கனம்தான் இருக்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். நான் ஊற்றினேன். அடுத்த வருடமும் ஊற்றினேன். என் கை ஊற்றியது என்பதை நான் எங்கும் மறைக்கவில்லை.

இரண்டாவது தடவைக்குப் பிறகு ஒருநாள் மருமகள், "ஏனுங்ணா, வண்டி வேகமெடுத்தா விசில் அடிக்குதுங்க" என்றார். முதலாளியிடம் சொன்னேன். "புது வண்டி, பாட்டுப் பாடுது, உடு" என்றார். அந்தச் சித்திரையில் மகுடஞ்சாவடிக்குப் பக்கத்தில் அந்தக் கார் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு இழுவை இல்லாமல் ஓரம் கட்டி நின்றது. பட்டறைக்கு இழுத்து வந்தோம். காற்றுக் குழாயைக் கழற்றி விசிறியின் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தேன். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. உள்ளே ஆயில் கருகிக் கரிக்கட்டியாக ஒட்டியிருந்தது.

புது டர்போ போட என் நாலு மாதச் சம்பளம் ஆகும். கார் இன்னும் வாரண்டிக் காலத்தில்தான் இருந்தது. ஆனால் நாலாவது, ஐந்தாவது சர்வீஸ் கம்பெனி சென்டரில் நடக்காததால் வாரண்டி தானாகக் கிடைக்காது. முதலாளி சேலத்துக்குப் போன் போட்டு யாரிடமோ பேசினார். சரியான ஆயில் வாங்கின பில்லும், அதை ஊற்றின ஆள் எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதமும் இருந்தால் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று சொன்னார்களாம். பில்லுக்கு முதலாளி ஏற்பாடு செய்துவிட்டார். கடிதத்துக்கு நான்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். கையெழுத்து மட்டும் போடு" என்றார்.

மறுநாள் பழுதான கார் ஒரு வண்டியில் ஏறி முன்னால் போக, முதலாளி தன் காரில் எங்களைக் கூட்டிப்போனார். காருக்கு உரிமை மருமகள் பேரில் என்பதால் அவரும் வந்தார். பின் சீட்டில் நான். இந்த டர்போ இல்லாத கார் அதே பேரல் ஆயிலில் ஒரு முனகலும் இல்லாமல் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே போனேன்.

சர்வீஸ் சென்டரில் குளிர் போட்ட அறையில் ஒரு இளைஞர் கடிதத்தை என் முன் வைத்து, "படிச்சுட்டு சைன் பண்ணுங்க சார்" என்றார். தமிழில்தான் அடித்திருந்தார்கள். என் பெயர், அப்பா பெயர், முப்பது வருட அனுபவம் எல்லாம் இருந்தது. கம்பெனி சொன்ன ஆயிலை இரண்டு தடவையும் நானே ஊற்றினேன் என்று இருந்தது. நான் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பேன்.

"என்னப்பா, பரீட்சையா எழுதற? போட்டுட்டு வா" என்றார் முதலாளி.

அந்தக் கடிதத்தை நாளைக்கு யாரோ ஒரு எஞ்சினியர் படிப்பார். சரியான ஆயில் ஊற்றியும் இந்த டர்போ இத்தனை சீக்கிரம் போய்விட்டது என்று நினைப்பார். இல்லை, ஆயிலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, முப்பது வருட அனுபவம் உள்ளவன் ஒருவன் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று நினைப்பார். இரண்டில் எது நடந்தாலும் கீழே இருக்கப்போவது என் பெயர். எனக்கென்று இருப்பது அந்த அனுபவம் ஒன்றுதான். வேறு சர்டிபிகேட் என்னிடம் கிடையாது. பேனாவைக் கீழே வைத்தேன்.

"இது நான் ஊத்துன ஆயில் இல்லீங்க."

இளைஞர் நிமிர்ந்தார். "பின்ன எதை ஊத்துனீங்க?"

"பேரல் ஆயிலுங்க. பதினஞ்சு நாப்பது."

முதலாளி சிரித்தார். "கூச்ச சுபாவமுங்க தம்பி. புது எடம், பயத்துல ஒளர்றான்."

"பயமிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பனுங்க" என்றேன்.

அவ்வளவு சத்தமாக நான் பேசி என் வீட்டில்கூடக் கேட்டதில்லை. அடுத்த மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள்தான் பேசினார்.

"மொதத் தடவ ஊத்தறப்பவே உங்களுக்குத் தெரியுமாங்ணா?"

"தெரியுமுங்க அம்மிணி. மொதலாளிகிட்டச் சொன்னனுங்க."

"வண்டி ஓட்டறது நானு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

இந்த விஷயத்தில் யாராவது என்னைத் திட்டுவதானால் அவர் மட்டும் திட்டலாம்.

திரும்பும்போது சங்ககிரி பஸ் நிலையத்தில் முதலாளி காரை நிறுத்தினார். "நாளைக்குப் பட்டறைக்கு வராத" என்றார். நான் இறங்கிப் பஸ் ஏறினேன்.

"ஒரு கையெழுத்துதானுங்களே, போட்டுப்போட்டு வந்திருக்கலாமில்லீங்க?" என்றாள் மனைவி. பிறகு சாதம் போட்டாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள், "போட்டிருந்தா உங்களுக்குத் தூக்கம் வராதுங்க. உடுங்க" என்றாள்.

அடுத்த பட்டறைகளில் வேலை கேட்டேன். இல்லை என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அதற்குள் முதலாளி கதையை வேறு மாதிரி பரப்பிவிட்டார். சின்ன கார் டர்போவே குப்பை, ஆயில் ஊற்றின மேஸ்திரியே அப்படித்தான் சொன்னான் என்று.

இரண்டு வாரம் கழித்து மருமகள் என் வீட்டுக்கே வந்தார். டர்போவைச் சொந்தச் செலவில் மாற்றிவிட்டார்களாம்.

"இத வெச்சுக்கறதா, வித்துப்போட்டு டர்போ இல்லாததா வாங்கறதா? நீங்க சொல்லுங்ணா."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டர்போ இல்லாதது பொறுத்துப்போகும். ஆயில் மாற்றும் தேதி தவறினாலும், ஊருக்குள் நின்று நின்று ஓட்டினாலும் தாங்கும், கெட்டுப்போக உள்ளே சாமானும் குறைவு. பத்து வருடம் வைத்திருக்கிறவர்களுக்கு அதில்தான் செலவு கம்மி. டர்போ இழுக்கும், லாரியைத் தாண்டும். அதற்கு விலை கூடின ஆயில் வேண்டும், அதுவும் தேதி தவறாமல். பைபாஸில் விரட்டி வந்தால் ஒரு நிமிடமாவது ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பெட்ரோல் குடிக்கும். டர்போ போனால் ஒரே அடியாகச் செலவு வைக்கும். ஒழுங்காகக் கவனித்தால் அது பாட்டுக்கு ஓடும்.

"அப்ப இதையே வெச்சுக்கறேன். ஆயில நானே வாங்கிட்டு வாரேன், ஊத்தறது நீங்க" என்றார்.

"பட்டறைல இல்லீங்க அம்மிணி. இங்க, என்ற ஊட்டு முன்னால."

அப்படியே நடக்கிறது. அவரைப் பார்த்து அவருடைய கல்லூரியிலிருந்து இன்னும் இரண்டு பேர் காரைக் கொண்டுவருகிறார்கள். அது போதாது, எனக்கு அது தெரியும்.

மழைக்கு ரிக்குகள் எல்லாம் ஊர் திரும்பி முதலாளியின் பட்டறையில் வரிசையாக நிற்கின்றன. போன வாரம் டிரைவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்: "வந்து வேலையப் பாக்கச் சொல்லு. டர்போதான் மட்டம், ஆயில் மேல தப்பில்லேன்னு பசங்க முன்னால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

எனக்கு வேலை வேண்டும். மாதம் முடிந்தால் வீட்டு வாடகை இருக்கிறது. டிரைவரை நிற்க வைத்துப் பதில் சொல்லி அனுப்பினேன்.

"வாரேன்னு சொல்லுங்க. எந்த வண்டிக்கு எந்த ஆயிலுன்னு நாஞ் சொல்றதுதான். பசங்க கேட்டா, ஊத்தச் சொன்னது மொதலாளி, ஊத்துனது நானுன்னு சொல்லுவேன்னும் சொல்லுங்க."

டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இத அப்படியே சொல்லட்டுங்களா?"

"அப்படியே சொல்லுங்க."